பசி செய்வதும் ஊர் செய்வதும்

1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்துக் கால்பந்து அரங்கக் கட்டடத்தில் 36 இளைஞர்கள் தங்கவைக்கப்பட்டார்கள். ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடம்தராமல், போருக்குப் பதிலாக மாற்றுப்பணியை ஏற்றுக்கொண்டவர்கள் அவர்கள். ஐரோப்பாவில் போர் முடியும்போது பட்டினியில் நொந்துபோன லட்சக்கணக்கான உடல்களை எந்த உணவு கொடுத்து, எவ்வளவு வேகத்தில் தேற்றுவது என்று மருத்துவத்துக்கு அன்று சரியாகத் தெரியாது. அதைக் கண்டறியத் தங்கள் உடம்பையே கொடுக்க முன்வந்தார்கள். ஆய்வை நடத்தியவர் உடலியங்கியல் அறிஞர் ஆன்செல் கீஸ். உடலிலும் மனத்திலும் குறையில்லாதவர்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்திருந்தார்.

முதல் 12 வாரங்கள் நாளொன்றுக்குச் சுமார் 3,200 கலோரி கிடைத்தது. அடுத்த 24 வாரங்கள் அதில் ஏறக்குறையப் பாதிதான். உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி என்று, போரில் சிக்கிய ஐரோப்பியனுக்குக் கிடைக்கக்கூடியது மட்டும், இரண்டு வேளை. வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டும். எடையில் கால்பங்கைக் குறைப்பது இலக்கு.

உடல் மெலிந்தது, இதயத்துடிப்பு குறைந்தது, வெயில் காலத்திலும் குளிர் வாட்டியது, கால்கள் வீங்கின. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். மனத்துக்கு நேர்ந்ததை யாரும் இந்த அளவுக்கு எதிர்பார்க்கவில்லை. உலக நடப்பு பேசிக்கொண்டிருந்தவர்கள் சமையல் புத்தகங்களைப் படிக்கத் தொடங்கினார்கள். பண்டக் குறிப்புகளைச் சேகரித்தார்கள், சிலர் பாத்திரங்களை வாங்கிக் குவித்தார்கள். தட்டில் இருந்ததைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, தண்ணீர் ஊற்றிப் பெருக்கி, ஒரு வேளைச் சாப்பாட்டை மணிக்கணக்கில் இழுத்தார்கள். பிறகு தட்டை நக்கினார்கள். காப்பியும் சூயிங்கமும் அளவின்றிப் போயின. நண்பர்களை ஒதுக்கினார்கள், பெண்கள்மேல் நாட்டம் போனது, அற்ப விஷயத்துக்கு எரிந்து விழுந்தார்கள். தங்கள் மெலிவு கண்ணில் படாமல், மற்றவர்களெல்லாம் பருத்திருப்பதாகச் சிலருக்குத் தோன்றியது. கட்டுப்பாட்டை மீறி வெளியில் அள்ளித் தின்றுவிட்டுக் குற்றவுணர்வில் துடித்தவர்களும் உண்டு. உணவு மெல்ல மெல்லக் கூட்டப்பட்ட காலத்தில் ஒருவர் விறகு வெட்டும்போது தம் கையில் மூன்று விரல்களைத் துண்டித்துக்கொண்டார். அது விபத்தா, வேண்டுமென்றே செய்ததா என்று அவருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

வேண்டிய அளவு சாப்பிடலாம் என்ற கட்டம் வந்த பிறகும் உடனே எதுவும் சரியாகவில்லை. வயிறு முட்டத் தின்றும் பசி அடங்கவில்லை என்றார்கள். எடை திரும்பிய பிறகும் மனம் திரும்பப் பல மாதங்கள் பிடித்தன. 1950-இல் இரண்டு பெரிய தொகுதிகளாக அந்த ஆய்வு வெளிவந்தது.

உணவுக் கோளாறுகளுக்குச் சிகிச்சை அளிப்பவர்கள் பின்னாளில் அந்தத் தொகுதிகளைப் புரட்டியபோது, தங்கள் வார்டில் தினமும் பார்க்கும் காட்சிகளையே அதில் கண்டார்கள். உணவை ஒதுக்கி மெலிந்துகொண்டே போகும் அனோரெக்ஸியா நெர்வோசா என்ற நோய் வந்த பெண் வீட்டில் எல்லோருக்கும் விதவிதமாகச் சமைத்துப் போடுவாள், தான் தொடமாட்டாள். ஒரு தோசையை நகக்கண் அளவுக்குப் பிய்த்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். தோழிகளை விட்டு விலகுவாள், தொட்டதற்கெல்லாம் சீறுவாள். இவற்றை அவளுடைய பிடிவாதம் என்றும் திமிர் என்றும் ஆழ்மனச் சிக்கல் என்றும் சொல்லிவந்தோம். மினசோட்டா இளைஞர்களுக்கு அந்தப் பிடிவாதமோ சிக்கலோ முன்பு இருந்ததில்லை. பட்டினி அவர்களை அப்படி ஆக்கியது. நோயின் குணம் என்று நாம் நினைப்பதில் கணிசமான பகுதி பசியின் வேலை. ஆகவே உணவுதான் முதல் மருந்து. ‘முதலில் மனசு சரியாகட்டும், அப்புறம் தானாகச் சாப்பிடுவாள்’ என்று காத்திருக்கும் பெற்றோர், வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள்.

பட்டினி கிடக்கும் எல்லோருக்கும் அனோரெக்ஸியா வருவதில்லை என்பதும் உண்மை. உணவு கிடைத்ததும் மினசோட்டாக்காரர்கள் பாய்ந்து சாப்பிட்டார்கள். நோயாளியோ சோற்றைக் கண்டு நடுங்குகிறாள். இந்த வேறுபாட்டில் பிறவிக் கூறுக்குப் பங்கு உண்டு. சுமார் 17,000 நோயாளிகளின் மரபணுக்களை ஒப்பிட்டு 2019-இல் வெளியான ஆய்வு, நோயோடு தொடர்புள்ள எட்டு இடங்களைக் கண்டது. மனநோய்களோடு மட்டுமல்லாமல் உடலின் வளர்சிதை மாற்றத்தோடும் இந்த நோய்க்கு உறவு உண்டு என்று அது காட்டியது. ஒரு டயட், ஒரு காய்ச்சல், ஒரு கேலிப் பேச்சு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றால் எடை குறையத் தொடங்க, அந்தப் பிறவிக் கூறு உள்ளவரைப் பசி பிடித்துக்கொள்கிறது. மனநோய்களிலேயே அதிக உயிர்களைப் பறிப்பவற்றில் ஒன்று இது. இதயம் நின்று போகிறவர்கள் பலர், தற்கொலை செய்துகொள்கிறவர்களும் பலர். பாடகி கேரன் கார்ப்பென்டர் 1983-இல் தம் 32-ஆம் வயதில் இதயம் நின்று இறந்தபோதுதான் அமெரிக்காவிலேயே பலர் இந்த நோயின் பெயரைக் கேள்விப்பட்டார்கள்.

உணவுக் கோளாறைப் போலவே, ஆளின் குணம் என்று நாம் நினைத்துவிடும் இன்னொரு நோயான போதைக்கு வருவோம். 1971-இல் வியட்நாமில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேர் ஹெராயினுக்கு அடிமை என்று இரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் அறிவித்தார்கள். அமெரிக்கா அதிர்ந்தது. ஆயிரக்கணக்கான போதை அடிமைகள் ஒரே சமயத்தில் ஊர் திரும்பினால் என்ன ஆகும்? அதிபர் நிக்சன் தனி அலுவலகம் அமைத்தார். விமானம் ஏறும் முன் ஒவ்வொரு சிப்பாயும் சிறுநீர்ச் சோதனையில் தேற வேண்டும் என்றானது. திரும்பியவர்களைத் தொடர்ந்து கவனிக்கும் பொறுப்பு, செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீ ராபின்ஸ் என்ற பெண் ஆய்வாளரிடம் வந்தது.

1971 செப்டம்பரில் திரும்பியவர்களிலிருந்து மாதிரி எடுத்து, அவர்களை நாடெங்கும் தேடிப்பிடித்து நேர்காணல் செய்தார்கள். அங்கே இருந்தபோது அடிமையாகிவிட்டதாக ஐந்தில் ஒருவர் ஒப்புக்கொண்டார். நாடாளுமன்ற உறுப்பினர்கள் சொன்னதைவிட இது அதிகம். ஆனால் அப்படி அடிமையானவர்களில், ஊர் திரும்பிப் பத்து மாதத்துக்குள் மீண்டும் அடிமையானவர்கள் நூற்றுக்கு 5 பேர் மட்டுமே. மூன்று ஆண்டுகளில் கொஞ்ச காலமாவது மீண்டும் விழுந்தவர்களைச் சேர்த்தாலும் 12 பேர்தான். பெரும்பாலானோர் எந்தச் சிகிச்சையும் எடுக்கவில்லை. ஹெராயின் என்றால் மீளவே முடியாது என்று நம்பிய மருத்துவ உலகம் முதலில் இந்த எண்களை ஏற்கத் தயங்கியது. அமெரிக்காவுக்குள் ஹெராயின் பழகி, சிகிச்சை பெற்றுப் பழைய தெருவுக்கே திரும்பியவர்களில் பெரும்பான்மையோர் சில மாதங்களிலேயே விழுந்துவிடுவதைத்தான் அது பார்த்திருந்தது.

ராபின்ஸின் முடிவுகளை வைத்துப் போதை என்பதே சூழலின் விளைவு என்று சிலர் எழுதுவதுண்டு. அவ்வளவு தூரம் போக முடியாது. அந்தச் சிப்பாய்கள் இளைஞர்கள். பலர் ஊசி போடாமல் புகைத்தவர்கள். பழக்கமும் ஓராண்டுக்குள் வந்தது. இருபது ஆண்டு குடித்த ஒருவரின் மூளைக்கும் கல்லீரலுக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் ஒன்று உறுதியாகத் தெரிகிறது. போதை விட்ட மனிதன் எங்கே போய் இறங்குகிறான் என்பது, அவன் நெஞ்சுறுதியைவிடக் குறைந்த விஷயம் இல்லை. சிப்பாய் இறங்கிய ஊரில் ஹெராயின் மலிவாகக் கிடைக்கவில்லை, உடன் புகைத்த கூட்டாளிகள் இல்லை, தலைமேல் குண்டு விழவில்லை, வேலையும் வீடும் காத்திருந்தன.

நம் ஊரில் என்ன நடக்கிறது? மறுவாழ்வு மையத்தில் ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறவர் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது பழைய மதுக்கடை. 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனையும் டாஸ்மாக் வசம் இருக்கிறது. நண்பகல் 12 முதல் இரவு 10 வரை கடை திறந்திருக்கும். அதே கூலி, அதே கையில் காசு புரளும் சனிக்கிழமை, ‘ஒரு கட்டிங் போட்டா என்ன மாப்ள’ என்று தோளில் கைபோடும் அதே நண்பன். அவர் மூன்றாம் வாரம் குடித்துவிட்டால் ‘இவனுக்கு மனஉறுதி பத்தாது’ என்கிறோம். இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. ஒரு மாதச் சிகிச்சைக்குக் கடன் வாங்கிச் செலவு செய்த குடும்பத்துக்கு, அதற்குப் பிந்திய பதினோரு மாதங்களைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை.

இரண்டு நோய்களும் ஒரே வகை இல்லை. குடியை முழுக்க விட்டுவிடலாம், அப்படி விடுவதுதான் பெரும்பாலான குடிநோயாளிகளுக்குப் பாதுகாப்பு. உணவை விட முடியாது. அனோரெக்ஸியா உள்ளவரும், அடக்க முடியாமல் அள்ளித் தின்று பிறகு வாந்தி எடுக்கும் புலிமியா உள்ளவரும், தாங்கள் அஞ்சும் பொருளையே நாளுக்கு மூன்று முறை எதிர்கொண்டுதான் தேற வேண்டும். அதனால் ‘இனிமேல் இனிப்பே தொடமாட்டேன்’ என்பது போன்ற விரதம், குடிநோயாளிக்குக் காப்பாக இருக்கும் அளவுக்குப் புலிமியாவுக்குக் கேடாகிறது. காலையும் மதியமும் பட்டினி கிடந்தால் இரவு அள்ளித் தின்பது பெரும்பாலும் நடந்துவிடும். ஆக்ஸ்போர்டில் கிறிஸ்டஃபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, முதலில் வேளாவேளைக்குச் சாப்பிட வைப்பதில் தொடங்குவது இதனால்தான்.

நோய்கள் வேறானாலும், குடும்பம் இரண்டிலும் ஒரே மாதிரியான வரலாற்றைக் கடந்து வந்திருக்கிறது. அனோரெக்ஸியாவுக்குப் பெயரிட்ட லண்டன் மருத்துவர் வில்லியம் கல், 1870-களிலேயே இந்த நோயாளிகளைக் கவனிக்க உறவினர்கள் ஏற்றவர்கள் அல்லர் என்று எழுதினார். பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைப்பதே சிகிச்சை என்று ஒரு நூற்றாண்டு நடந்தது. 1970-களில் ஹில்டே புருக், சல்வடோர் மினுச்சின் போன்ற மதிப்புக்குரிய நிபுணர்களும் தாயின் வளர்ப்பிலும் குடும்பத்தின் பின்னலிலும் காரணத்தைத் தேடினார்கள். ஏற்கெனவே நொறுங்கிப்போன தாய்மார்கள் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள்.

லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனை இதைத் திருப்பிப் போட்டது. மருத்துவமனையில் எடை தேறிய 80 நோயாளிகளைக் கொண்டு ஜெரால்ட் ரஸ்ஸலும் உடன் பணியாற்றியவர்களும் செய்த சோதனை 1987-இல் வெளியானது. 19 வயதுக்கு முன் நோய் வந்து, மூன்று ஆண்டு ஆகாதவர்களுக்குக் குடும்பத்தைச் சேர்த்துச் செய்த சிகிச்சை, தனியாளுக்குச் செய்ததைவிடத் தெளிவாகப் பலன் தந்தது. இதை முறைப்படுத்தி அமெரிக்காவில் 121 வளரிளம் பருவத்தினரிடம் சோதித்தார்கள். 2010-இல் வந்த முடிவின்படி, சிகிச்சை முடிந்து ஓராண்டில் முழுக்கக் குணமானவர்கள் குடும்பச் சிகிச்சையில் நூற்றுக்கு 49, தனிச் சிகிச்சையில் 23.

அந்த முறையில் பெற்றோர் செய்வது எளிமையாகச் சொல்லிவிடக்கூடியது, செய்வதற்கு மிகக் கடினம். என்ன, எவ்வளவு, எப்போது என்பதைக் கொஞ்ச காலம் மகளிடமிருந்து அவர்கள் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு வேளையும் கூட உட்காருகிறார்கள். அழுதாலும் கத்தினாலும் கெஞ்சாமல், திட்டாமல், தட்டு காலியாகும்வரை இருக்கிறார்கள். மகள் வேறு, அவளைப் பிடித்திருக்கும் நோய் வேறு என்று பிரித்துப் பார்க்கச் சிகிச்சையாளர் கற்றுத் தருகிறார். இரண்டாம் சந்திப்புக்குக் குடும்பமே சாப்பாடு கட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் சாப்பிடுகிறது. எடை தேறத் தேறப் பொறுப்பு படிப்படியாக மகளிடமே திரும்புகிறது. பெரியம்மாவும் பாட்டியும் சேர்ந்திருக்கும் நம் வீடுகளுக்கு இது அன்னியமான முறை அன்று. ஆனால் அதே பெரியம்மா ‘கொஞ்சம் பூசினாப்ல ஆயிட்டியேடி’ என்று சொல்வதை அன்றே நிறுத்த வேண்டும். நீண்ட நாள் பட்டினி கிடந்த உடலுக்கு அவசரப்பட்டுப் பெருவிருந்து வைப்பதும் கூடாது. இரத்தத்தில் பாஸ்பேட் திடீரென்று இறங்கி இதயத்தைப் பாதிக்கும். மிகவும் மெலிந்தவருக்கு முதல் வாரச் சாப்பாடு மருத்துவமனைக் கண்காணிப்பில்தான் தொடங்க வேண்டும்.

வளர்ந்தவர்களுக்கு இவ்வளவு தெளிவான பலன் தரும் சிகிச்சை இன்னும் வரவில்லை. அதனால்தான் நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது முக்கியம். நம்மிடையே அதுதான் நடப்பதில்லை. இது மேல்நாட்டு நோய், பணக்கார வீட்டு நோய் என்ற எண்ணம் மருத்துவர்களிடமும் இருக்கிறது. ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் 1990-களில் காட்டியபடி, பருமனாகிவிடுவேன் என்ற பயத்தையே சொல்லாமல், வயிறு உப்புசம், பசிக்கவில்லை என்று மட்டும் சொல்லி மெலிந்துபோகும் நோயாளிகள் ஆசியாவில் உண்டு. அப்படிப்பட்ட பெண் நம் ஊரில் வயிற்று மருத்துவரிடம் போவாள். மாதவிடாய் நின்றால் மகப்பேறு மருத்துவரிடம் போவாள், முடி கொட்டினால் தோல் மருத்துவரிடம். எண்டோஸ்கோப்பி, ஸ்கேன் எல்லாம் எடுத்தாகிவிடும். என்ன சாப்பிட்டாய் என்ற கேள்வி மட்டும் விடுபடும். செவ்வாய், வெள்ளி விரதம், பரீட்சை நேரம், ‘டயட்ல இருக்கேன்மா’ ஆகியவை மறைந்துகொள்ள வசதியான இடங்கள். பையன்களிடமும் இது வரும். ஜிம், புரதப் பொடி என்று தொடங்கினால் ஒழுக்கமான பிள்ளை என்று பாராட்டும் கிடைக்கும்.

குடிநோய்க்கு வந்தால், குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் பெரும்பாலும் மனைவி. ‘வீட்டுல நிம்மதி இருந்தா அவன் ஏன் குடிக்கிறான்’ என்பது மாமியார் வாயில் மட்டும் வருவதில்லை. மனைவி பாட்டிலைக் கவிழ்க்கிறாள், காசை ஒளிக்கிறாள், முனியப்பன் கோவிலில் கயிறு கட்ட அழைத்துப் போகிறாள், பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் வாங்குகிறாள். எதுவும் நடக்காதபோது அவருக்குத் தெரியாமல் ரசத்தில் மாத்திரை கலக்கிறாள். அது டைசல்ஃபிராம் என்றால், குடித்ததும் இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். நோயாளி தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் பார்வையில் எடுக்க வேண்டிய மருந்து அது. பல ஆண்டு தினமும் குடித்தவரை ஒரு நாள் அறைக்குள் பூட்டி வைப்பதும் அதே அளவு ஆபத்து. கை நடுக்கத்தில் தொடங்கி இரண்டு மூன்று நாளில் வலிப்பு, பிதற்றல், இல்லாதது தெரிவது என்று போகும். இந்தக் கட்டத்தைக் கடக்க மருத்துவமனையும், தையமின் என்ற பி1 வைட்டமினும், வலிப்பைத் தடுக்கும் மருந்தும் தேவை.

மனைவியோ தாயோ செய்யக்கூடியதில் எது பலிக்கும் என்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் வில்லியம் மில்லரும் ராபர்ட் மேயர்ஸும் சோதித்தார்கள். சிகிச்சைக்கே வரமாட்டேன் என்கிறவர்களின் நெருங்கிய உறவினர்கள் 130 பேரை எடுத்துக்கொண்டு, மூன்று விதமான வழிகாட்டலில் ஒன்றைக் கொடுத்தார்கள். எல்லோரும் கூடி முகத்துக்கு நேரே எதிர்ப்பது ஒரு முறை. குடிநோயாளிகளின் உறவினர்களுக்கான அல்-அனான் வழியில், அவரை விட்டுவிட்டுத் தன்னைக் கவனிப்பது இன்னொன்று. கிராஃப்ட் என்று பெயர் பெற்ற மூன்றாவது முறை, அவர் தெளிவாக இருக்கும் நேரத்தை இனிமையாக்கக் கற்றுத் தந்தது. குடிக்காத மாலையில் கூட உட்கார்ந்து பேச வேண்டும். குடித்து வந்தால் சண்டை போடாமல் விலகிவிட வேண்டும். வாந்தியைத் துடைக்காமல், மேலாளரிடம் பொய் சொல்லாமல், குடியின் விளைவை அவரே பார்க்க விட வேண்டும். அவரே நொந்து பேசும் தருணத்தில், முன்கூட்டியே கேட்டு வைத்த மருத்துவரின் பெயரைச் சொல்ல வேண்டும். அடி உதை உள்ள வீட்டில் எல்லாவற்றுக்கும் முன்னால் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் பாதுகாப்பான இடம். 1999-இல் வெளியான முடிவில், கிராஃப்ட் முறையில் நூற்றுக்கு 64 பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். கூடி எதிர்ப்பதில் 30, அல்-அனான் வழியில் 13. அல்-அனானின் நோக்கம் உறவினரின் நிம்மதி என்பதால், இந்த எண்ணை அதன் தோல்வியாகக் கொள்வது நியாயமாகாது. ஆனால் அவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவர வேண்டும் என்றால் எந்த வழி என்பது தெளிவு.

வீட்டைத் தாண்டி ஊரையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்த முயற்சி நம்மிடமே உண்டு. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, 1989 முதல் திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் முகாம்களை நடத்தியது. நோயாளியை நகரத்துக்கு வரச் சொல்லாமல், மருத்துவரும் ஆலோசகரும் கிராமத்துக்குப் போய் இரண்டு வாரம் போல அங்கேயே இருந்து சிகிச்சை தந்தார்கள். குடும்பத்தினருக்கும் தனி அமர்வுகள் இருந்தன. முகாமில் ஒருவர் இருக்கிறார் என்பது ஊருக்கே தெரியும். வெட்கம் என்று நாம் நினைப்பது அங்கே துணையாக மாறியது. முன்பு வந்து தெளிந்தவர்கள் அடுத்த முகாமுக்கு ஆள் கூட்டி வந்தார்கள். ராபின்ஸின் சிப்பாய்கள் ஊர் மாறியதால் தப்பினார்கள். ஊர் மாற முடியாத விவசாயக் கூலிக்கு, இருக்கும் ஊரையே கொஞ்சம் மாற்றிக் கொடுத்த முயற்சி இது. அதற்கு நேர் எதிரானவை, ஆளை வேனில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோய்ச் சங்கிலியில் கட்டும் மையங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்கிறது. பதிவு பெறாத மையத்தில் வீட்டு ஆளைச் சேர்க்காதீர்கள்.

மீண்டும் விழுவது இரண்டு நோயிலும் சகஜம். ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் 1980-களில் கவனித்தது இது: ஒரு மடக்குக் குடித்தவரை முழுப் பாட்டிலுக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் அந்த மடக்கு இல்லை, ‘எல்லாம் போச்சு, இனி என்ன’ என்ற எண்ணம். புலிமியாவில் ஒரு துண்டு அல்வாவுக்குப் பிறகு நடப்பதும் இதுதான். ஆகவே அன்று வீட்டார் சொல்லும் வார்த்தைக்கு மருந்தின் கனம் உண்டு. ‘தெரியும், நீ திருந்தவே மாட்ட’ என்று சொல்லும் வீடு பாட்டிலை நிரப்பித் தருகிறது. எங்கே, யாரோடு, எந்த நேரத்தில் என்று அடுத்த நாள் காலையில் நிதானமாகக் கேட்டு, அந்த வாரமே ஆலோசகரிடம் அழைத்துப் போகும் வீட்டில், அந்த மடக்கு அடுத்த தடவைக்கான தகவலாகிறது.

2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார் என்றது. மனநல உதவிக்கு 14416, போதை மீட்புக்கு 14446 என்ற இலவச எண்கள் இருக்கின்றன. ஆனால் எண்ணை அழுத்தும் நிலைக்கு ஒருவரைக் கொண்டுவர யாராவது முதலில் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டு வாசலுக்கே பெண் பணியாளர்கள் வருகிறார்கள். குடியைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் வகுத்த பத்துக் கேள்விகளும், உணவுக் கோளாறைக் கண்டறிய லண்டனில் 1999-இல் வகுத்த ஐந்து கேள்விகளும் சேர்ந்தாலும் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. அந்தக் கேள்விகளைத் தமிழில் அவர்கள் கையில் கொடுத்து, குடிக்கிறவரின் மனைவிக்குச் சொல்ல வேண்டியதையும் சாப்பிடாத பெண்ணின் தாய்க்குச் சொல்ல வேண்டியதையும் சில நாள் பயிற்சியில் சொல்லித் தர அரசால் முடியும்.